விடுதிக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் மனம் ஒட்டவில்லை: வாரந்தோறும் வீட்டுக்குப் போவது சரியா?

கேள்வி: முதலாண்டு மாணவன்

அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் படிப்பு முடியும்வரை ஒரே வீட்டில் பெற்றோருடனேயே இருந்த நான், இந்த ஆண்டுதான் முதன்முறையாக விடுதியில் தங்கிப் படிக்கிறேன். விரும்பிய பாடம், விரும்பிய கல்லூரி. இடம் கிடைத்த செய்தி வந்த நாளில் வீட்டில் அதிகம் மகிழ்ந்தவன் நான்தான். அப்படியிருந்தும் வகுப்புகள் தொடங்கி ஒரு மாதம் தாண்டிய பிறகும் இங்கே மனம் ஒட்டவில்லை.

பகலில் ஓரளவு சமாளித்துவிடுகிறேன். மாலையில் வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பும்போதுதான் நெஞ்சை ஏதோ அடைத்துக்கொள்கிறது. உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறேன். என் குரலைக் கேட்டதும் அம்மா அழத் தொடங்கிவிடுவதால், அவரைத் தேற்றுவதற்காக நான் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, பேசுவதற்கு முன்பிருந்ததைவிடக் கூடுதலான பாரத்தோடு தொலைபேசியை வைக்கிறேன். வீடு சில மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இருப்பதால் வெள்ளிக்கிழமை மாலையே கிளம்பிப் போய்விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பி வருவதுதான் வாரத்திலேயே மிகக் கொடுமையான நேரம்.

என் அறைத்தோழர் நல்லவர். ஆனால் நள்ளிரவு தாண்டியும் விளக்கை அணைக்காமல் படிப்பவர். உறக்கம் கெடுவதால் மறுநாள் காலை வகுப்பில் நடத்துவது எதுவும் பதிவதில்லை. பள்ளியில் முதலிடத்தில் இருந்த நான், இங்கே நடந்த முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் வகுப்பின் நடுவில் எங்கோ நிற்கிறேன். மற்றவர்களெல்லாம் கூட்டமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு உணவுக்கூடத்துக்குப் போவதைப் பார்க்கும்போது, எனக்கு மட்டும்தான் இப்படியா என்று தோன்றுகிறது.

வாரந்தோறும் வீட்டுக்குப் போவதை நிறுத்த வேண்டுமா? இந்த நிலை மாற எவ்வளவு காலமாகும்? வீட்டுக்கு அருகிலேயே ஒரு கல்லூரிக்கு மாறிவிடுவதென்று இப்போதே முடிவெடுப்பது தவறா? இதைக் கடந்து வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: இறுதியாண்டு மாணவி

தம்பி, நீங்கள் எழுதியிருப்பவற்றில் பாதிக்கு மேல் அந்த வெள்ளிக்கிழமைப் பயணத்திலிருந்தே கிளைக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே அதை முதலில் பேசிவிடுகிறேன்.

விடுதி வாழ்க்கையில் திங்கள் முதல் வெள்ளி வரை யாருக்கும் யாரோடும் நிதானமாகப் பேச நேரமிருப்பதில்லை. வகுப்பு, ஆய்வகம், ரெக்கார்டு நோட்டு எழுதுவது, குளியலறை வரிசை என்றே நாள் போய்விடும். சனி, ஞாயிறுகளில்தான் துணி துவைக்கும் இடத்திலும், மாடிப்படியிலும், பாதி காலியான உணவுக்கூடத்திலும் எழுந்துபோக மனமில்லாமல் உட்கார்ந்து, ஒருவர் குடும்பத்தை ஒருவர் விசாரித்து, ஒருவர் ஆசிரியரை இன்னொருவர் கேலி செய்து, பழக்கம் நட்பாகிறது. அந்த இரண்டு நாட்களிலும் நீங்கள் இங்கே இருப்பதில்லை. திங்கட்கிழமை வந்து பார்த்தால் எல்லோரும் ஏதோ ஒன்றைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், உங்களுக்கு அது விளங்கவில்லை, தள்ளி நிற்கிறீர்கள். அவர்கள் உங்களை ஒதுக்கியதாக நான் நினைக்கவில்லை. அது நடந்தபோது நீங்கள் பேருந்தில் இருந்தீர்கள், அவ்வளவுதான்.

நட்பு உருவாக எவ்வளவு நேரம் சேர்ந்திருக்க வேண்டும் என்பதைக் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள். அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாற ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லிக்கொள்ளும் நிலைக்கு ஏறத்தாழ 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் தேவைப்பட்டதாக அவர் கணக்கிட்டார். ஒரே வகுப்பிலோ ஒரே வேலையிலோ அருகருகே இருக்கும் நேரத்தைவிட, வேலையற்றுச் சேர்ந்து பொழுதுபோக்கும் நேரமே இதில் அதிகப் பயன் தந்தது. இந்த எண்களை அப்படியே மந்திரமாகக் கொள்ள வேண்டியதில்லை. மணிக்கணக்கைக் குறித்து வைத்துக்கொண்டு யாரும் நட்பு பாராட்டுவதில்லை. ஆனால் வார இறுதிகள் அனைத்தையும் கழித்துவிட்டால், ஒரு மாதத்தில் 50 மணி நேரம்கூட உங்களுக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்களிடம் ஏதோ குறை இருப்பதால் நண்பர்கள் அமையவில்லை என்ற முடிவுக்கு வர இன்னும் காலமே ஆகவில்லை.

இன்னொன்று, குணம் பொருந்தும் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்துத்தான் பழக வேண்டும் என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பில் நடத்தி 1950இல் வெளியிட்ட ஆய்வில், யார் யாருக்கு நண்பர் என்பதை அடுத்தடுத்த கதவுகளே பெரிதும் தீர்மானித்திருந்தன. மாடிப்படியின் அருகில் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்தாரோடும் பழக்கம் ஏற்பட்டிருந்தது, மேலே போகிறவர்கள் அவர்களைக் கடந்தே போக வேண்டியிருந்ததால். ஆகவே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள். மாலை நேரத்தில் அதைத் திறந்து வையுங்கள், அல்லது புத்தகத்தோடு பொது அறைக்குப் போய்விடுங்கள். உணவுக்கூடத்துக்குக் கிளம்பும்போது பக்கத்து அறையில், "சாப்பிடப் போகிறேன், வருகிறீர்களா?" என்று கேளுங்கள். அவர்களும் யாராவது கேட்க மாட்டார்களா என்றே பெரும்பாலும் காத்திருப்பார்கள்.

ஒரேயடியாக நிறுத்துவது கடினம் என்றால் அடுத்த வார இறுதி ஒன்றை மட்டும் இங்கே இருந்து பாருங்கள். முதல் சனிக்கிழமை நிச்சயம் சலிப்பாக இருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளர்

மேலே எழுதியுள்ள மாணவியின் கருத்தில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆயினும் வீட்டுக்குப் போவதைக் குறைக்கச் சொல்லும்போது எப்படிக் குறைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் விடுதிக் காப்பாளராக இருந்தவன் என்ற முறையில், "ஒரு மாதம் வீட்டுப் பக்கமே போகாதே" என்று கண்டிப்பாகச் சொல்லிப் பிள்ளையை விட்டுச்சென்ற பெற்றோர்களையும், அந்தக் கண்டிப்பினாலேயே இரண்டாவது வாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

வீட்டு ஏக்கத்தைப் பற்றி மருத்துவர்கள் எழுதத் தொடங்கி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1688இல் யோஹானஸ் ஹோஃபர் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் அளித்த மருத்துவ ஆய்வேட்டில் இதை ஒரு நோயாகவே விவரித்தார். அதில் அவர் எடுத்துக்காட்டும் நோயாளிகளில் ஒருவர், பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த இளைஞர். காய்ச்சலும் மனக்கலக்கமும் முற்றி, பிழைக்க மாட்டார் என்று கருதப்பட்ட அவரை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்ததும், புறப்படும் பேச்சிலேயே தெளிவு வரத் தொடங்கி, வழியிலேயே தேறிவிட்டார் என்று ஹோஃபர் எழுதுகிறார். அந்தக் கால மருத்துவத்தை நாம் நம்ப வேண்டியதில்லை. எனினும் ஊர் போய்ச் சேருவதற்கு முன்பே, போகப்போகிறோம் என்ற உறுதியே அவருக்கு வேலை செய்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

நான் மாணவர்களுக்குச் சொல்லி வந்தது இதுதான். வீட்டுக்குப் போகும் நாளை முன்கூட்டியே குறித்துவிடுங்கள், பயணச்சீட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பின்னர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று இடைவெளியை நீட்டிக்கொள்ளலாம். ஏக்கம் பொங்கும்போதெல்லாம் கிளம்புவது ஒரு வகை, குறித்த நாளில் கிளம்புவது வேறு வகை. முன்னதில், தாங்க முடியாவிட்டால் ஓடிவிடலாம் என்று மனம் பழகிக்கொள்வதால், ஒவ்வொரு முறையும் தாங்கும் அளவு குறைந்துகொண்டே போகும். பின்னதில் நடுவிலுள்ள நாட்களுக்கு ஓர் எல்லை கிடைத்துவிடுகிறது. முடிந்தால் ஞாயிறு மாலையில் திரும்பாமல் நண்பகலிலேயே திரும்பிவிடுங்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் வெறிச்சோடிய அறைக்குள் நுழைவதும், வெளிச்சம் இருக்கும்போது வந்து துணியை அடுக்கிவிட்டு நால்வரோடு சாப்பிடப் போவதும் ஒன்றல்ல.

கல்லூரி மாறுவதைப் பற்றி. அது தவறான முடிவு என்று யாரும் பொதுப்படையாகச் சொல்ல முடியாது. சிலருக்கு அதுவே சரியான முடிவாக இருந்ததை அறிவேன். ஆனால் உங்களுக்குப் பிடிக்காதது பாடமா, இந்தக் கல்லூரியா, வீட்டை விட்டுப் பிரிந்திருப்பதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். நீங்கள் எழுதியதில் பாடத்தைப் பற்றியோ ஆசிரியர்களைப் பற்றியோ ஒரு குறையும் இல்லை. பாடம் பிடிக்காதவன் பகலில் தவிப்பான், நீங்கள் மாலையில் தவிக்கிறீர்கள். ஆகவே முதல் பருவத் தேர்வு முடியும்வரை இந்த முடிவைத் தள்ளி வைக்கச் சொல்வேன். அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். இடமாற்றத்துக்கு எப்போது விண்ணப்பிக்கலாம், படித்த பாடங்களின் மதிப்பெண்கள் அங்கே ஏற்கப்படுமா, ஓராண்டு வீணாகுமா என்பதையெல்லாம் கல்லூரி அலுவலகத்தில் நேரில் விசாரித்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்தே இருக்கிறது என்று தெரிந்தால் அறைக்குள் உட்காருவது எளிதாகும். ஞாயிற்றுக்கிழமை இரவில் மட்டும் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தேர்வில் வகுப்பின் நடுவில் வந்ததைக் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்பட்ட வகுப்பில் பெரும்பாலோர் தத்தம் பள்ளியில் முன்வரிசையில் இருந்தவர்கள். அவர்களையெல்லாம் ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் பாதிப் பேர் நடுவுக்குக் கீழேதான் நிற்க முடியும்.

பதில் 3: கல்லூரி மாணவியின் தாய்

இரண்டு பதில்களிலும் அம்மாவைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். என் மகளும் விடுதியில்தான் இருக்கிறாள்.

தம்பி, நீங்கள் நன்றாக இருப்பதாகச் சொல்வதை உங்கள் தாயார் நம்பியிருக்க மாட்டார். குரலிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். என்ன நடக்கிறதென்று தெரியாமல் நாங்களாகக் கற்பனை செய்துகொள்வது, உண்மையைவிடப் பத்து மடங்கு பயங்கரமாக இருக்கும். ஆகவே பொய்யும் வேண்டாம், "தாங்க முடியவில்லை" என்ற ஒற்றை வரியும் வேண்டாம். அன்றைக்கு நடந்ததைச் சொல்லுங்கள்: எந்த வகுப்பு பிடித்தது, யார் பக்கத்தில் உட்கார்ந்தார், எங்கே வழி தவறினீர்கள், உடன் இருப்பவர் என்ன படிக்கிறார். "மாலையில் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சரியாகிவிடுகிறது" என்று அளவோடு சொன்னால் எங்களால் தாங்கிக்கொள்ள முடியும்.

பேசும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். வகுப்பு முடிந்து அறைக்கு வந்தவுடன், மனம் மிகவும் தளர்ந்திருக்கும் அந்த நேரத்தில் பேசினால் இருவரும் அழத்தான் செய்வீர்கள். இரவு உணவுக்குப் பிறகு ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த ஒரு முறை நிதானமாகப் பேசுங்கள். எங்கள் வீட்டில் முதலில் என் கணவருக்கும் எனக்கும்தான் இது கஷ்டமாக இருந்தது, மகள் சீக்கிரமே பழகிக்கொண்டாள். அதில் எனக்குச் சிறு வருத்தம்கூட உண்டு!

பதில் 4: மாணவர் மனநல ஆலோசகர்

மேலேயுள்ள மூவரும் நடைமுறையை விரிவாகச் சொல்லிவிட்டதால், உறக்கத்தையும் வேறொன்றையும் மட்டும் சேர்க்கிறேன்.

புதிய இடத்தில் உறக்கம் வராமலிருப்பது மன உறுதியின்மை அன்று. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பழகாத இடத்தில் உறங்கும் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றொரு பாதியைவிட ஆழமின்றி உறங்கி, சிறு ஒலிக்கும் விழித்துக்கொள்ளும் நிலையில் இருப்பதைக் காட்டியது. இது முதல் இரவோடு பெரும்பாலும் குறைந்துவிடுவது. நீங்களோ வாரத்தில் இரண்டு இரவுகள் ஒரு படுக்கையிலும் ஐந்து இரவுகள் இன்னொரு படுக்கையிலும் உறங்குகிறீர்கள். நேரமும் ஒளியும் ஒலியும் இரண்டு இடத்திலும் வேறுவேறாக இருப்பதால், உறங்கும் ஒழுங்கு நிலைபெற வாய்ப்பே கிடைப்பதில்லை. எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலையில் எழும் நேரத்தை விடுமுறை நாட்களிலும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் காபி குடிக்கும் வழக்கமிருந்தால் விட்டுவிடுங்கள். குடித்த காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. 18 வயதைக் கடந்தவருக்கு இரவில் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை. அது கிடைக்காதபோது துயரமும் கூடுதலாகத் தெரியும், பாடமும் பதியாது. ஆகவே உங்கள் மதிப்பெண்ணை இந்த ஒரு மாதத்தை வைத்து மதிப்பிடாதீர்கள்.

எவ்வளவு காலமாகும் என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலானவர்களுக்கு முதல் பருவம் முடிவதற்குள் இதன் கடுமை தணிந்துவிடுகிறது. ஆனால் நேர்கோட்டில் குறையாது. இரண்டு வாரம் நன்றாக இருந்துவிட்டு, ஒரு காய்ச்சலின்போதோ நீண்ட விடுமுறை முடிந்து திரும்பும்போதோ மீண்டும் தலைதூக்கும். அதைப் பழைய நிலைக்கே திரும்பிவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டை நினைக்கவே கூடாது என்று மனத்தைக் கட்டுவதும் பயன் தராது. ஏக்கப்படும் நேரமும் புதிய வேலைகளில் ஈடுபடும் நேரமும் மாறி மாறி வருவதே இயல்பு.

இனி அந்த வேறொன்று. வீட்டு ஏக்கத்தில் இருப்பவர், நல்ல துணை கிடைத்தால் சிறிது நேரமாவது சிரிப்பார், பிடித்த வேலையில் ஈடுபட்டால் மறந்திருப்பார். நாளின் பெரும்பகுதியில், ஏறத்தாழ எல்லா நாட்களிலும், 2 வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்மையோ சோர்வோ தொடர்ந்தாலும், பசி அடியோடு குறைந்தாலும், வகுப்புகளைத் தொடர்ந்து தவிர்த்தாலும், வீட்டுக்குப் போன பிறகும் மனம் தேறாவிட்டாலும், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அப்போது காத்திருக்காமல் கல்லூரியின் ஆலோசகரையோ ஒரு மருத்துவரையோ பார்க்க வேண்டும். வாழ்வதில் பயனில்லை, செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே அருகிலிருப்பவர் ஒருவரிடம் சொல்லுங்கள், அது நள்ளிரவாக இருந்தாலும் சரி. ஆலோசகரிடம் பேசியதெல்லாம் ஆசிரியர்களுக்கோ பெற்றோருக்கோ போய்விடும் என்று பல மாணவர்கள் அஞ்சுகிறார்கள். உயிருக்கு ஆபத்து இருக்கும் நிலை போன்ற சில விலக்குகளைத் தவிர, பேசியதை இரகசியமாகக் காப்பது எங்கள் தொழில் நெறி. எந்தெந்த விலக்குகள் என்று முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

நீங்கள் பகலில் சமாளிப்பதாக எழுதியிருப்பதைப் பார்த்தால் ஏக்கமாகவே தெரிகிறது. எனினும் எழுத்தை வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. காப்பாளர் ஐயா சொன்ன, பகலில் தவிப்பதற்கும் மாலையில் தவிப்பதற்குமான வேறுபாடு எனக்குத் தோன்றாத ஒன்று. யோசித்துப் பார்த்தால் ஆய்வக வகுப்புகளில் நேரம் போவதே தெரியவில்லை. ஆகவே பாடம் காரணமில்லை. இந்த வார இறுதியில் இங்கேயே இருக்கப்போகிறேன், அடுத்த வாரத்துக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். அம்மாவிடம் இரவு ஒன்பது மணிக்குப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஏன் அவ்வளவு நேரம் தாழ்த்திப் பேச வேண்டும் என்று கோபித்துக்கொண்டார்.

விளக்கு விஷயம்தான் பாக்கி. அவர் படிப்பதைத் தடுப்பதுபோல் ஆகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. காப்பாளரிடம் புகார் சொல்லவும் விருப்பமில்லை.

பதில் 5: இறுதியாண்டு மாணவி

இதற்குக் காப்பாளர் வரைக்கும் போக வேண்டியதே இல்லை, தம்பி. இரவில் விளக்கு எரியும்போது சொல்லாதீர்கள். எரிச்சல் குரலில் வந்துவிடும், அவரும் அதற்கே பதில் சொல்வார். பகலில், இருவரும் சேர்ந்து எங்காவது நடந்துபோகும்போது, "எனக்குக் காலை வகுப்பில் தூக்கம் வருகிறது, பதினொன்றரைக்கு மேல் பெரிய விளக்கை அணைத்துவிட்டு மேசை விளக்கில் படிக்க முடியுமா?" என்று நேரத்தைச் சொல்லியே கேளுங்கள். "கொஞ்சம் சீக்கிரம் அணையுங்கள்" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. பதிலுக்கு அவருக்கு உங்களால் ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள், நிச்சயம் ஒன்று இருக்கும். காலையில் உங்கள் அலாரம் எத்தனை முறை அடிக்கிறது?

மேசை விளக்கும் உறுத்தினால் கண்ணை மறைக்கும் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வு நெருங்கும்போது அவர் விடிய விடியப் படிக்கத்தான் செய்வார். அந்த வாரங்களில் நூலகமோ படிப்பறையோ இரவில் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று இருவரும் சேர்ந்தே விசாரித்து வையுங்கள்.